மழை விட்ட மார்கழியில் சிற்றூர் நூலகம்: இவ்வாண்டுச் செய்திகளும் நடத்த வேண்டிய நிகழ்ச்சிகளும்

காவிரிக்கரை வாசகன் (டிசம்பர் 7)

எங்கள் பேரூராட்சி மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில் இருக்கிறது. இங்குள்ள கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் சென்ற ஞாயிற்றுக்கிழமை கூடி, மார்கழியிலும் தையிலும் நூலகத்தில் என்னென்ன நடத்துவது என்று பேசியது. அங்கே எடுத்த முடிவுகளையும், முடிவு எட்டாமல் நிற்கும் ஒரு சிக்கலையும் இங்கே வைக்கிறேன். மற்ற ஊர்களில் இவற்றை எப்படிக் கையாளுகிறீர்கள் என்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இந்த இழையின் நோக்கம்.

முதலில் செய்திகள். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் தேசிய நூலக வாரம் இம்முறையும் அடைமழைக்குள்தான் வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டதால் ஓவியப் போட்டியையும் பேச்சுப் போட்டியையும் நடத்த முடியவில்லை. இரண்டும் டிசம்பர் மாதத்திற்குத் தள்ளிப்போயின. ஆனாலும் அந்த வாரத்தில் 1,000 ரூபாய் செலுத்தி இருவர் புரவலர்களாகச் சேர்ந்தார்கள். ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் 10,000 ரூபாய் அளித்துக் கொடையாளர் ஆகியிருக்கிறார். இது எங்கள் ஊருக்குச் சிறிய செய்தி அன்று.

கவலை தரும் செய்தியும் உண்டு. கார்த்திகை மாத மழையில் மேற்குச் சுவரில் ஓதம் ஏறி, சிறுவர் பகுதி அலமாரியின் கீழ்த்தட்டு நூல்கள் நனைந்துவிட்டன. சில நூல்களில் பூஞ்சணம் படிந்திருக்கிறது. நூலகர் ஒருவரே எல்லா வேலையையும் பார்க்க வேண்டிய நிலையில், வாசகர்கள் எந்த அளவுக்குக் கைகொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இனி சிக்கலுக்கு வருகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும், நாள்தோறும் காலை 9 மணி முதல் 11 மணி வரை குழந்தைகளுக்கான வாசிப்பு நேரம் நடத்த வேண்டும் என்று பெரும்பாலோர் விரும்புகிறோம். எங்கள் நூலகம் காலை 8 முதல் 11 வரையிலும் மாலை 4 முதல் 7 வரையிலும் திறந்திருக்கும். உள்ளே இருப்பது ஒரே கூடம். அந்தக் கூடத்தில்தான் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது குழந்தைகள் வந்து கதை கேட்டால் அவர்களால் படிக்க இயலாது. அவர்களை எழுப்பி அனுப்பவும் எங்களுக்கு மனமில்லை.

நான்காம் தொகுதிக்குப் படிப்பவள் (டிசம்பர் 7)

வாசகன் ஐயா, நீங்கள் சொல்லும் இளைஞர்களில் ஒருத்தியாகவே இதை எழுதுகிறேன். என் ஊர் வேறு, ஆனால் நிலைமை ஒன்றுதான். குழந்தைகள் நூலகத்துக்கு வரக் கூடாது என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. நாங்கள் அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைச் சொன்னால் முடிவெடுக்க உதவும் என்று நம்புகிறேன்.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஒழுகாத இடம் என்று ஒரு மூலைதான் இருக்கும். அங்கே பாட்டி படுத்திருப்பார். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நூலகத்தில் மேசை உண்டு, வெளிச்சம் உண்டு, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் (குரூப் 4) தேர்வுக்கு வேண்டிய பாடநூல்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே இடத்தில் இருக்கின்றன. பயிற்சி மையத்துக்குக் கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்கு அந்த ஒரு நாற்காலிதான் பயிற்சி மையம்.

இன்னொன்றும் இருக்கிறது. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. மாலையில் நூலகம் ஏழு மணி வரை திறந்திருந்தாலும், பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பெண்கள் ஐந்தரை மணிக்கே புறப்பட்டுவிடுகிறோம். தெருவிளக்கு இல்லாத வாய்க்கால் கரையில் அதற்குப் பிறகு நடக்க முடியாது. ஆகவே இந்த இரண்டு மாதங்களில் மாலை நேரத்தில் எங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். காலை நேரத்தில் இரண்டு மணியைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டால் பெண் வாசகர்களுக்குத்தான் இழப்பு அதிகம். ஆண்கள் ஏழு மணி வரை இருந்து அதை ஈடு செய்துகொள்வார்கள். கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை (டிசம்பர் 8)

தங்கை எழுதியதைப் படித்தேன். அவர் சொல்வதில் எதையும் மறுக்க முடியாது. இருந்தாலும் குழந்தைகளின் பக்கத்தையும் யாராவது அழுத்தமாகப் பேச வேண்டும் அல்லவா?

நான் வேலை பார்க்கும் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் பாடநூலைத் தவிர வேறு அச்சடித்த தாள் என்றால் நாட்காட்டிதான். அரையாண்டு விடுமுறை என்பது அவர்களுக்கு ஊர்ப் பயணமோ உறவினர் வீடோ அன்று. பெற்றோர் வயலுக்குப் போய்விடுவார்கள். பள்ளி திறந்திருக்கும் நாட்களில் காலை உணவும் மதிய உணவும் பள்ளியில் கிடைக்கின்றன. விடுமுறையில் இரண்டும் இல்லை. அந்த நாட்களில் குழந்தையைப் பகலில் கூட்டிவைத்து ஒரு கதையும் ஒரு கைப்பிடிச் சுண்டலும் கொடுக்கும் இடமாக நூலகம் இருந்தால், அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்தப் பெற்றோரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வாசிப்பு நேரத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாமே என்று இங்கே யாராவது சொல்வார்கள் என எதிர்பார்க்கிறேன். அதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. குழந்தை அலமாரியின் முன் நின்று, தன் கையால் ஒரு நூலை உருவி, அட்டையைப் பார்த்து, பிடிக்கவில்லை என்று திரும்ப வைத்து, வேறொன்றை எடுக்க வேண்டும். சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி யானை படம் போட்ட நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, இதை நிஜமாகவே வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று நூலகரிடம் மூன்று முறை கேட்டாள். நாங்களே தேர்ந்தெடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியே இருக்காது.

ஓய்வு பெற்ற நூலகர் (டிசம்பர் 8)

இருவர் கூற்றிலும் நியாயம் இருப்பதால், பணிக்காலத்தில் நான் கண்டவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நேரத்தைப் பற்றி முதலில். கிளை நூலகத்தின் வேலை நேரத்தை நூலகர் தாமாக மாற்ற முடியாது. வாசகர் வட்டமும் மாற்ற முடியாது. விடுமுறைக் காலத்துக்கு மட்டும் நேரத்தை மாற்றித் தரும்படி மாவட்ட நூலக அலுவலருக்கு வாசகர் வட்டம் எழுத்து மூலமாக விண்ணப்பிக்கலாம். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று எல்லை குறித்துக் கேட்டால் அனுமதி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பெண் வாசகர்கள் மாலையில் சீக்கிரம் திரும்பிவிடுகிறார்கள் என்ற காரணத்தை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் மாலை ஐந்தரை மணிக்குப் பிறகு எத்தனை பெண்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையும் இணையுங்கள்.

இடத்தைப் பற்றி அடுத்து. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது, ஏனென்றால் இதற்கான விடை அந்த மண்ணிலேயே இருக்கிறது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் கனகசபைப் பிள்ளை. தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த, இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். அரங்கநாதன். நாளைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதே வழக்கமாக அந்த வாரத்தில்தான். சேறும் சகதியுமான வண்டிப் பாதையில், மழைக்கு முகப்பில் நின்றுகொண்டு, வாசகர் வரட்டும் என்று காத்திராமல் நூலை அவரிடம் கொண்டுபோனார்கள். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்று அரங்கநாதன் வகுத்த முதல் விதிக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் யோசனை இது. ஓர் இரும்புப் பெட்டியில் நாற்பது, ஐம்பது சிறுவர் நூல்களை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள பள்ளிக் கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ வாசிப்பு நேரத்தை வையுங்கள். நூலகக் கூடம் தேர்வர்களுக்கே இருக்கட்டும். ஆசிரியை அம்மா சொன்ன தயக்கம் உண்மையானது; அதை நான் ஒதுக்கவில்லை. அதற்கு மாலை நான்கு மணிக்குப் பத்துப் பத்துக் குழந்தைகளாக நூலகத்துக்கு அழைத்து வந்து, அவர்களே அலமாரியிலிருந்து எடுக்கும்படி செய்யலாம். பத்துக் குழந்தைகள் கால் மணி நேரம் நூல் தேடினால் யாருடைய படிப்பும் கெடாது. அன்றே அவர்களை உறுப்பினராகவும் சேர்த்துவிடலாம்.

நனைந்த நூல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியலுக்கு முன் கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் கடற்கரையை ஒட்டிய ஒரு சிறிய நூலகத்தில் பணியில் இருந்தேன். அதுவும் தேசிய நூலக வாரத்துக்குள்தான். நூலகத்தின் முகப்பில் நாங்கள் கட்டியிருந்த தோரணத்தோடு கூரையின் ஒரு பகுதியும் போய்விட்டது. பல நாட்கள் மின்சாரம் இல்லாததால் மின்விசிறி வைத்து உலர்த்தவும் வழியில்லை. பக்கத்துப் பள்ளியின் மேசைகளில் செய்தித்தாளை விரித்து, நூல்களை அதன் மேல் நிமிர்த்தி, பக்கங்கள் விசிறி போல் சற்றே விரியும்படி நிறுத்தினோம். ஈரம் ஏறிய செய்தித்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை மாற்றிக்கொண்டே இருந்தோம். அப்போது ஒன்றைக் கண்டேன். மலிவான தாளில் அச்சிட்ட பழைய நாவல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. பளபளப்பான தாளில் வண்ணப் படங்களோடு அச்சிட்ட சிறுவர் நூல்கள்தான் பக்கத்தோடு பக்கம் ஒட்டி, உலர்ந்த பின் கல் போல் இறுகிவிட்டன. வழவழப்புத் தாளின் மேல்பூச்சு நனைந்தால் பசையாகிவிடும். உலர்வதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் தாள் செருகினால்தான் அவற்றைக் காப்பாற்ற முடியும். உங்கள் சிறுவர் பகுதியில் அப்படிப்பட்ட நூல்கள் ஈரமாக இருந்தால் இன்றைக்கே அதைச் செய்யுங்கள்.

வெயிலில் காயவைக்க வேண்டாம். மழை விட்டு வெயில் அடித்ததும் நூல்களை முற்றத்தில் பரப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நேர் வெயிலில் அட்டை வளைந்துவிடும், தாள் பழுப்பேறிவிடும். நிழலும் காற்றோட்டமும் போதும். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணத்துக்கு இடம் கொடுத்ததாகும். மழை நாட்களில் நம் கடலோர ஊர்களில் அது எளிதாக 80-ஐத் தாண்டி நிற்கும். மார்கழியில் மழை குறைந்துவிட்டது என்று நினைத்து, காலை எட்டு மணிக்கே எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டால் பனி ஈரம் உள்ளே வரும். வெயில் ஏறிப் பனி விலகிய பிறகு திறந்து, மாலையில் பனி இறங்கும் முன் மூட வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். பூஞ்சணம் படிந்த நூலை வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, வெளியே கொண்டுபோய், மென்மையான தூரிகையால் தட்டுங்கள். இந்த வேலையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

முற்றிலும் கெட்டுப்போன நூலாக இருந்தாலும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணோடு பட்டியல் எடுத்து, உரிய அனுமதி வாங்கிய பிறகே நீக்க முடியும். அந்தப் பட்டியல் எழுதும் வேலையில் வாசகர் வட்டத்தார் உடன் உட்கார்ந்தால், தனியாக இருக்கும் நூலகருக்கு அது பெரிய துணை.

குன்னூர்க்காரன் (டிசம்பர் 9)

மலையிலிருந்து ஒரு சிறு குறிப்பு. கீழ் நாட்டில் குளிர் என்றால் போர்வையோடு முடிந்துவிடும். இங்கே டிசம்பர், ஜனவரியில் உதகைப் பக்கம் உறைபனி கொட்டும்; குன்னூரில் அவ்வளவு இல்லையென்றாலும், காலை எட்டு மணிக்கு நூலகத் தரையில் கால் வைக்க முடியாது. முதியவர்கள் செய்தித்தாள் படிக்க வருவது வெயில் நன்றாக ஏறிய பிறகுதான். காலையிலும் மாலையிலும் திறந்து நடுப்பகலில் மூடும் ஏற்பாடு வெப்பமான ஊரை மனத்தில் வைத்துச் செய்தது. குளிர்காலத்தில் எங்களுக்கு வேண்டியது அந்த நடுப்பகல்தான். உங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருட்டும், எங்கள் ஊர் முதியவர்களுக்குப் பனியும் ஒரே இடைஞ்சலைத்தான் தருகின்றன. நேர மாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதினால் அதன் வாசகத்தை இங்கே பகிருங்கள், நாங்களும் எழுதுகிறோம்.

கடைமடை உழவர் (டிசம்பர் 9)

குழந்தைகளையும் தேர்வர்களையும் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். எங்களைப் போன்றவர்களையும் நினைவில் கொள்ளுங்கள்.

மார்கழியில் சம்பா கதிர் வாங்கி நிற்கும். மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது, வழக்கப்படி ஜனவரி 28ஆம் நாள் அணையை மூடிவிடுவார்களா, இன்னும் சில நாள் நீட்டிப்பார்களா என்பதே அப்போது எங்கள் ஊரில் பேச்சு. கடைமடையில் இருப்பவனுக்கு அந்தச் சில நாள் தண்ணீர் மிகப் பெரிது. கைப்பேசியில் எல்லாம் வருகிறது என்பார்கள். வருவதில் எது உண்மை, எது யாரோ கிளப்பிவிட்டது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. அதனால் என்னைப் போன்ற சிலர் காலையில் வயலைப் பார்த்துவிட்டு, நூலகத்துக்குப் போய் இரண்டு, மூன்று நாளேடுகளை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அணை நீர்மட்டத்தையும் வானிலை அறிக்கையையும் நூலக வாசலில் உள்ள கரும்பலகையில் நாள்தோறும் எழுதி வைத்தால், உள்ளே வராதவர்களும் நின்று படித்துவிட்டுப் போவார்கள். செலவில்லாத வேலை இது. மார்கழி, தை இரண்டு மாதத்துக்காவது செய்யுங்கள்.

என் அண்ணனுக்கு வயது எழுபத்தெட்டு. ஐப்பசியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வெளியே போவதில்லை. வாழ்நாள் முழுவதும் நூலகத்தில் நூல் எடுத்துப் படித்தவர். அவருக்கு என்ன வழி?

ஓய்வு பெற்ற நூலகர் (டிசம்பர் 9)

உழவர் ஐயாவுக்கு. நூலக நண்பர்கள் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோரின் வீடு தேடிச் சென்று, தன்னார்வலர்கள் நூல் கொடுத்து வாங்குவதுதான் அதன் நோக்கம். உங்கள் ஊர் நூலகத்தில் அதற்கான தன்னார்வலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே பெயர் கொடுங்கள். அண்ணனுக்கு எடுத்துச் செல்லும்போது பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பேருக்கும் எடுத்துச் செல்லலாமே.

சென்னையில் வேலை, தஞ்சையில் வேர் (டிசம்பர் 10)

பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் ஊர் நூலகத்துக்கென்று சில நூல்கள் வாங்கி அனுப்புகிறேன். வழக்கமாகக் கிடைக்கும் பத்து விழுக்காட்டுத் தள்ளுபடியும் உண்டு. இந்த இழையில் உள்ளவர்கள் பட்டியல் கொடுத்தால் எங்கள் நண்பர் குழு சேர்ந்து வாங்கித் தரும். ஒரு வேண்டுகோள்: பட்டியலை வாசகர்கள் எழுதட்டும். நன்கொடை என்ற பெயரில் வீட்டில் கிடக்கும் பழைய வழிகாட்டி நூல்களையும், பாடத்திட்டம் மாறிப்போன தேர்வுக் கையேடுகளையும் மூட்டை கட்டி அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நூலகர் மறுக்க முடியாமல் வாங்கி வைக்கிறார். அலமாரியில் இடம் போய்விடுகிறது. சிறுவர் பகுதியில் நனைந்துபோன நூல்களின் பட்டியல் தயாரானால் அதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

நான்காம் தொகுதிக்குப் படிப்பவள் (டிசம்பர் 10)

பட்டியல் என்று வந்ததால் சொல்கிறேன். எங்களுக்கென்று தேர்வுக் கையேடுகள் வாங்க வேண்டாம். பள்ளிப் பாடநூல்களின் புதிய பதிப்பு இரண்டு தொகுதி போதும்; இப்போது இருக்கும் ஒரே தொகுதியை ஏழு பேர் மாற்றி மாற்றிப் படிக்கிறோம். மீதிப் பணம் முழுவதையும் சிறுவர் நூல்களுக்கே செலவிடுங்கள்.

நூலகர் ஐயா சொன்ன பெட்டி யோசனை எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. பள்ளிக் கூடத்தில் பகல் 11 மணிக்கு மேல் வைத்தால், நூலகம் மூடியிருக்கும் நேரத்தில் எங்களில் சிலர் வந்து கதை வாசிக்கத் தயார். பதினொரு மணிக்கு நூலகத்தை மூடியதும் மாலை நான்கு மணி வரை பேருந்து நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்திருப்பவர்கள்தானே நாங்கள். யாரும் எங்களை இதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. தேர்வு நெருங்கினால் வர முடியாமல் போகும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை (டிசம்பர் 11)

எங்கள் பள்ளியில் இதற்கு இடமளிக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பேசினேன். விடுமுறையில் வகுப்பறையைத் திறக்க முறையான அனுமதி வேண்டும். வாசகர் வட்டம் கடிதம் கொடுத்தால் மேலே அனுப்பி வைப்பதாகச் சொன்னார். வாசகன் ஐயா, உங்கள் ஊரிலும் இதே நடைமுறைதான் இருக்கும். விடுமுறை தொடங்க இரண்டு வாரமே இருப்பதால் கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

மாலையில் பத்துப் பத்துப் பேராக நூலகத்துக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. பள்ளியில் கதை கேட்டதோடு நின்றுவிட்டால் என் தயக்கம் அப்படியே இருக்கிறது என்றுதான் சொல்வேன். சுண்டல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஓய்வு பெற்ற நூலகர் (டிசம்பர் 11)

சுண்டலை நானும் எதிர்க்கவில்லை, அம்மா. கதை முடிந்த பிறகு கொடுங்கள். நூல்களைப் பெட்டியில் எடுத்து வைத்த பிறகு கொடுங்கள். கை கழுவாமல் அடுத்த நூலைத் தொட விடாதீர்கள். எண்ணெய்க் கை பட்ட பக்கத்தைத் தேடித்தான் கரப்பான் முதலில் வரும்.

காவிரிக்கரை வாசகன் (டிசம்பர் 13)

நேற்று வாசகர் வட்டம் மீண்டும் கூடியது. இந்த இழையை நூலகரும் படித்திருந்தார். பள்ளிக்கான கடிதத்தை இன்று காலையில் கொடுத்துவிட்டோம். விடுமுறை தொடங்கும் நாளிலிருந்து பகல் 11.30 முதல் 1 மணி வரை வாசிப்பு நேரம் நடக்கும். தள்ளிப்போன ஓவியப் போட்டியை அங்கேயே வைத்துக்கொள்வோம். மாலையில் பத்துக் குழந்தைகள் நூலகத்துக்கு வருவார்கள். முதல் வாரத்தில் சேரும் குழந்தைகளின் உறுப்பினர் கட்டணத்தை அந்த அஞ்சல் ஊழியரே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

வருகைப் பதிவேட்டை எண்ணிப் பார்த்தோம். நவம்பர் மாதம் முழுவதும் மாலை ஐந்தரை மணிக்குப் பிறகு ஒரு பெண்கூடக் கையெழுத்திடவில்லை. இத்தனை நாள் அந்தப் பதிவேடு எங்கள் கண் முன்னால்தான் இருந்தது. காலையில் 9 முதல் 12 வரையும் மாலையில் 3 முதல் 6 வரையும் என்று ஜனவரி இறுதி வரைக்கும் நேரத்தை மாற்றித் தரும்படி விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். குன்னூர் நண்பருக்கு அதன் வாசகத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அங்கே நடுப்பகல் நேரத்தைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஏழு மணி வரை படித்துவந்த ஆண் தேர்வர்கள் இருவர் இதை ஏற்கவில்லை; ஆறு மணிக்கு மூடினால் வேலை முடித்து வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேள்விக்கு எங்களிடம் இன்னும் விடையில்லை. விண்ணப்பத்தோடு அவர்கள் கருத்தையும் எழுதி இணைத்திருக்கிறோம்.

கரும்பலகை நேற்றிலிருந்தே வாசலில் இருக்கிறது. அணை நீர்மட்டத்தை எழுதி முடிப்பதற்குள் நான்கு பேர் நின்றுவிட்டார்கள்.

நூலகர் ஐயாவிடம் இன்னும் இரண்டு ஐயங்கள். ஈரம் உலர்ந்த நூல்களில் சிலவற்றின் முதுகு கழன்றிருக்கிறது, நாங்களே ஒட்டலாமா? அலமாரியில் இராமபாணப் பூச்சி தென்படுகிறது, அந்துருண்டை போடலாமா?

ஓய்வு பெற்ற நூலகர் (டிசம்பர் 13)

சிறுவர் பகுதியில் அந்துருண்டை வேண்டாம். குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்துவிடுவார்கள். அதன் நெடியும் அவர்களுக்கு நல்லதன்று. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து வைக்கும் முறை உண்டு. அதையே உயரத் தட்டுகளின் மூலையில், குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி வைக்கலாம். வாசனை குறைந்ததும் மாற்ற வேண்டும். ஆனால் ஈரம் இருக்கும் வரை எந்த முடிப்பாலும் பயனில்லை. பூச்சியை அழைப்பது ஈரம்தான்.

முதுகு கழன்ற நூலைப் பசைநாடா போட்டு ஒட்டாதீர்கள். இரண்டு ஆண்டில் அது மஞ்சளாகி, தாளையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி விழாமல் கிண்டிக் காய்ச்சுங்கள். இறக்கும்போது மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) சிறிதளவு கரைத்துச் சேர்த்தால் பூச்சி அண்டாது. புத்தகம் கட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. மயில்துத்தம் நஞ்சு, அதற்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டு, கையுறை போட்டு, பெரியவர்கள் மட்டுமே கையாளுங்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்த பின், மெல்லிய பருத்தித் துணிப் பட்டையை முதுகின் மேல் வைத்து ஒட்டி, மேலே ஒரு கனமான அகராதியை வைத்து ஓர் இரவு விடுங்கள். நூல் நன்றாக உலர்ந்துவிட்டதா என்று உறுதி செய்யாமல் இதைத் தொடங்க வேண்டாம். நடுப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் மன்னார்குடி வருகிறேன். முதல் பத்து நூல்களை உங்கள் வாசகர் வட்டத்தாரோடு உட்கார்ந்து ஒட்டித் தருகிறேன். துணிப் பட்டையும் மாவும் வாங்கி வையுங்கள். தூரிகை என்னிடம் இருக்கிறது.